ஒரு துப்பாக்கி, பல தோட்டாக்கள்

2011ஆம் ஆண்டில் இந்தியத் தரைப்படை ஏறத்தாழ 66,000 புதிய துப்பாக்கிகளுக்காக வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தப் புள்ளிகளைக் கோரியது. அத்துப்பாக்கிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று புதுமையானது. ஒரே துப்பாக்கி இருவகைத் தோட்டாக்களைச் சுடவல்லதாய் இருத்தல் வேண்டும். குழலையும் அதனைச் சார்ந்த சில பகுதிகளையும் மாற்றிய அளவில், 5.56 மில்லிமீட்டர்த் துப்பாக்கி 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கியாகிவிட வேண்டும் என்பதே அது. எல்லைப் போருக்கு ஒரு தோட்டா, தீவிரவாதிகளை எதிர்த்து நெருக்கத்தில் போரிடுவதற்கு மற்றொரு தோட்டா என்பது அதன் உட்கருத்து. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2015இல் அக்கோரிக்கை இரத்துச் செய்யப்பட்டது. அதன் பின்னர்த் தரைப்படை வாங்கியவை இருதோட்டாத் துப்பாக்கிகள் அல்ல. வெவ்வேறு தோட்டாக்களுக்கென அமைந்த வெவ்வேறு துப்பாக்கிகளே.

வேண்டியபோது வேண்டிய பகுதியைக் கழற்றி மாற்றிக்கொள்ளத்தக்க துப்பாக்கி என்பது காகிதத்தில் மிக எளிய கருத்தாகத் தோன்றும். ஒரு திருப்புளியின் கைப்பிடியில் வெவ்வேறு முனைகளைப் பொருத்துவது போன்றதே இதுவும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில், தோட்டா என்பது துப்பாக்கியின் உள்ளே செல்லும் ஒரு பொருள் மட்டுமன்று; துப்பாக்கியின் ஒவ்வொரு பகுதியின் அளவையும் அதுவே நிர்ணயிக்கின்றது. துப்பாக்கியைச் சுற்றியுள்ள கிடங்கையும் தொழிற்சாலையையும் பயிற்சித் திடலையும் கூட அதுவே நிர்ணயிக்கின்றது எனலாம். ஆதலால், மாற்றுத் தோட்டாவைத் தேர்வு செய்யும்போது எது வலிமை மிக்கது என்ற வினா முதலில் எழுவதே தவறு. எதனை மாற்ற வேண்டிவரும், எதனை மாற்ற இயலாது என்ற வினாவே முதலில் எழவேண்டும்.

பெயரும் அளவும்

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் சொல். அவ்விட்டத்தை அளப்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. குண்டு தன் அச்சைச் சுற்றிச் சுழன்று செல்லும் பொருட்டுக் குழலின் உட்சுவரில் திருகு வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்தால் ஓர் அளவும், பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளத்துக்கு அளந்தால் சற்றுப் பெரிய ஓர் அளவும் கிடைக்கும். 7.62 மில்லிமீட்டர் என்பது முதல் அளவு. அக்குழலில் செல்லும் குண்டின் விட்டமோ 7.82 மில்லிமீட்டர். இவ்வாறே 5.56 என்று பெயர் பெற்ற குண்டின் மெய்யான விட்டம் 5.7 மில்லிமீட்டர் ஆகும். குண்டு குழலைவிடச் சற்றுப் பருத்திருப்பதனாலேயே பள்ளங்கள் அதனைப் பற்றிச் சுழலச் செய்கின்றன.

இந்தியப் படைகளின் கிடங்குகளில் 7.62 என்னும் பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் உள்ளன. ஒன்றின் பித்தளைக் கூடு 51 மில்லிமீட்டர் நீளம் உடையது. மற்றொன்றின் கூடு 39 மில்லிமீட்டர் நீளம் உடையது. முன்னது மேலைநாடுகளின் நேட்டோ அமைப்பு 1954இல் பொதுவாக ஏற்றுக்கொண்டது. பின்னது சோவியத் நாட்டில் 1940களில் தோன்றி, கலாஷ்னிகோவ் துப்பாக்கியுடன் உலகெங்கும் பரவியது. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் துப்பாக்கியில் பயன்படுத்த இயலாது. சோவியத் தோட்டாவின் குண்டு 7.9 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது; அவ்வகையில் அது 7.62 என்னும் பெயருடைய நேட்டோக் குண்டைவிட, பழைய .303 துப்பாக்கியின் குண்டுக்கே நெருங்கியதாகும். பெயர் ஒன்றாயிருப்பவை அளவில் வேறுபடுகின்றன. பெயர் வேறாயிருப்பவை அளவில் ஒத்திருக்கின்றன. ஆகவே தோட்டாவைக் குறிக்கும்போது விட்டத்தையும் கூட்டின் நீளத்தையும் சேர்த்தே, 7.62×51, 7.62×39, 5.56×45 என எழுதுவது முறை. பதிவேட்டில் "7.62" என்று மட்டும் எழுதும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது, அது விடத்தக்கது.

ஆற்றலும் உந்தமும்

இம்மூன்று தோட்டாக்களையும் ஒப்பிடுவதற்கு உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதும். இக்கணக்குகளை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். 7.62×51 தோட்டாவின் குண்டு 9.5 கிராம் நிறையுடையது. குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகின்றது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,350 ஜூல் எனக் கிடைக்கும். 5.56×45 தோட்டாவின் குண்டு 4 கிராம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 920 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 1,700 ஜூல். 7.62×39 தோட்டாவின் குண்டு 7.9 கிராம், வேகம் 715 மீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல்.

ஆற்றலை மட்டும் நோக்கினால் முதல் தோட்டாவே சிறந்தது என்ற முடிவு கிடைக்கும். உந்தத்தை நோக்கினால் அதன் விலை புலனாகும். நிறையை வேகத்தால் பெருக்க, முறையே 8.0, 3.7, 5.6 என்னும் எண்கள் கிலோகிராம்-மீட்டர்/நொடி அலகில் கிடைக்கின்றன. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகின்றது. அதனோடு குழல் வாயிலிருந்து சீறி வெளிப்படும் வெடிமருந்து வாயுவின் பங்கும் சேர்கின்றது. இதுவே சுடுபவரின் தோளில் படும் பின்னுதைப்பு.

ஆற்றலும் உந்தமும் வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்கக் கிரிக்கெட் பந்து உதவும். 160 கிராம் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் அதன் உந்தம் 6.2; அதாவது 7.62×51 குண்டின் உந்தத்தில் முக்காற்பங்கிற்கு மேல். ஆனால் அப்பந்தின் ஆற்றல் 121 ஜூல் மட்டுமே. குண்டின் ஆற்றல் அதனைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு. ஆகவேதான் சுடுபவர் தோளில் ஓர் உதையை மட்டும் தாங்கிக்கொண்டு நிற்க, குண்டு சென்று படும் இடத்தில் பேரழிவு நேருகின்றது.

உதை ஒரு முறை வந்தால் தாங்கலாம். விசையை அழுத்திய நிலையில் குண்டுகள் தொடர்ந்து வெளிப்படும்போது, முதற்குண்டின் உதை துப்பாக்கியின் முனையை மேலே தூக்கிவிடுகின்றது. இரண்டாம் குண்டு இலக்கின் தலைக்கு மேல் சென்றுவிடுகின்றது. பெல்ஜியத்தில் தோன்றிய எஃப்.என். துப்பாக்கியை அடியொற்றிப் பிரிட்டனும் இந்தியாவும் 7.62×51 துப்பாக்கிகளை அமைத்தபோது, விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டே வெளிப்படுமாறு அவற்றைக் கட்டுப்படுத்தியதற்குக் காரணம் இதுவே. இந்தியாவில் இஷாப்பூரில் 1ஏ1 என்ற பெயரில் உருவாகி, "எஸ்.எல்.ஆர்." என்று பலரும் அறிந்த துப்பாக்கி அதுவாகும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும்; தானே தொடர்ந்து சுடாது.

எடை மற்றொன்று. 7.62×51 தோட்டா முழுமையாக 24 கிராம், 7.62×39 தோட்டா 16 கிராமுக்குச் சற்று மேல், 5.56×45 தோட்டா 12 கிராம். நூறு தோட்டாக்களுக்கு 2.4 கிலோகிராம் சுமந்த சிப்பாய், அதே சுமையில் 5.56 தோட்டாக்கள் இருநூறு சுமக்கலாம். மலைப்பகுதியில் தண்ணீரையும் உணவையும் குளிருடையையும் தாமே சுமந்து ஏறுபவர்களுக்கு இது சிறு வேறுபாடு அன்று.

துப்பாக்கியின் எப்பகுதியைத் தோட்டா பற்றுகின்றது?

பகுதி மாற்றத்தக்க துப்பாக்கிகளுள் மிகவும் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் என்னும் பொறியாளர் 1950களில் வகுத்த அமைப்பு. அதில் துப்பாக்கியின் உடல் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஊசிகளால் இணைந்திருக்கும். குழலும் போல்ட்டும் மேற்பாதியில் உள்ளன. விசையும் மேகசின் பொருந்தும் வாயும் கீழ்ப்பாதியில் உள்ளன. ஊசிகளை நீக்கி மேற்பாதியை மாற்றினால், கருவிகள் இன்றியே குழல் மாறிவிடும். ஸ்டோனர் இவ்வமைப்பை முதலில் 7.62×51 தோட்டாவுக்காகவே ஏ.ஆர்.-10 என்ற பெயரில் அமைத்தார். பின்னர் சிறு தோட்டாவுக்காக அது சுருக்கப்பட்டு ஏ.ஆர்.-15 ஆயிற்று, அமெரிக்கப் படைகளின் எம்-16 துப்பாக்கி அதிலிருந்தே வந்தது.

இத்தகைய துப்பாக்கிக்கு மாற்றுத் தோட்டா தேடுவோர் முதலில் எதிர்ப்படும் சுவர் மேகசின் வாயின் நீளமாகும். 5.56×45 தோட்டாவின் முழு நீளம் 57 மில்லிமீட்டர் அளவினது. 7.62×51 தோட்டாவோ 71 மில்லிமீட்டர். 57க்கென வார்க்கப்பட்ட வாயில் 71ஐ நுழைக்க எவ்வித மாற்றுக் குழலும் உதவாது. உடல் முழுவதையும் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் அது வேறொரு துப்பாக்கி. எனவேதான் ஏ.ஆர்.-10, ஏ.ஆர்.-15 என்னும் இரண்டும் தோற்றத்தில் ஒன்றாயினும் இன்றளவும் இரு தனிக் குடும்பங்களாய் நிற்கின்றன.

நீளம் பொருந்தினாலும், அடுத்ததாகத் தோட்டாவின் அடிப்பகுதி வழிமறிக்கின்றது. போல்ட்டின் முகப்பில் அடிப்பகுதி உட்காருவதற்கு ஒரு வட்டக் குழி உண்டு. 5.56 தோட்டாவின் அடி விட்டம் 9.6 மில்லிமீட்டர், 6.8×43 எனப்படும் அமெரிக்கத் தோட்டாவுக்கு 10.7, 7.62×39க்கு 11.3. அடி பெருக்கப் பெருக்கக் குழியும் பெருக்கின்றது. குழியைச் சுற்றியுள்ள எஃகின் கனம் குறைகின்றது. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெடியழுத்தம் முழுவதையும் அந்த மெல்லிய எஃகும், போல்ட்டின் சிறு பற்களுமே தாங்க வேண்டும். 7.62×39க்கு மாற்றப்பட்ட ஏ.ஆர். துப்பாக்கிகளில் போல்ட் பற்கள் உடைவது பலமுறை கண்ட குறைபாடாகும். போதாக்குறைக்கு, அத்தோட்டாவின் கூடு அடியிலிருந்து நுனி நோக்கி நன்கு குறுகிச் செல்வது. குறுகும் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு வளையும். கலாஷ்னிகோவ் மேகசின் வாழைப்பழம் போல் வளைந்திருப்பது அழகுக்காக அன்று. ஏ.ஆர். துப்பாக்கியின் மேகசின் வாயோ நேரானது. நேர் வாய்க்குள் வளைந்த அடுக்கைச் செலுத்தும்போது தோட்டா சிக்குவது இயல்பே.

குழலின் முறுக்கும் கணக்கில் சேரும். நீண்ட குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். எம்-16 துப்பாக்கியின் பழைய 3.6 கிராம் குண்டுக்கு 12 அங்குலத்தில் ஒரு சுற்று போதுமானதாயிருந்தது. 1980இல் நேட்டோ ஏற்ற 4 கிராம் குண்டு சற்று நீளமானது. அதற்கென முறுக்கை 7 அங்குலத்திற்கு ஒரு சுற்றாக மாற்ற வேண்டியதாயிற்று. காலிபர் மாறவில்லை, குண்டு மட்டுமே அரைக் கிராம் அளவுக்குக் கூடியது, அதற்கே புதிய குழல் தேவைப்பட்டது.

பகுதி மாற்றும் துப்பாக்கியை விற்போர் அதிகம் பேசாத செய்தி ஒன்றும் உண்டு: குழலை மாற்றினால் குறியும் மாறும். காற்றின் தடையைப் புறக்கணித்து 300 மீட்டர் தொலைவைக் கணக்கிட்டால், 920 மீட்டர் வேகக் குண்டு 0.33 நொடியில் சென்று 52 சென்டிமீட்டர் தாழ்கின்றது. 715 மீட்டர் வேகக் குண்டு 0.42 நொடி எடுத்துக்கொண்டு 86 சென்டிமீட்டர் தாழ்கின்றது. காற்றின் தடையையும் சேர்த்தால் தாழ்வும் வேறுபாடும் இன்னும் மிகும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சுடுதிடலுக்குச் சென்று துப்பாக்கியை மீண்டும் ஜீரோ செய்தாக வேண்டும். முகாமில் காலையில் ஒரு குழல், மாலையில் ஒரு குழல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

எளிதில் மாறுவதன் இடர்

மேற்கூறிய சுவர்கள் அனைத்தையும் தவிர்க்கும் நோக்குடன் அமெரிக்காவில் ஒரு தோட்டா உருவாக்கப்பட்டு 2011இல் தரப்படுத்தப்பட்டது. .300 பிளாக்கவுட் என்பது அதன் பெயர். 5.56 தோட்டாவின் கூட்டையே 35 மில்லிமீட்டராகக் குறுக்கி, அதன் வாயில் 7.82 மில்லிமீட்டர்க் குண்டைப் பொருத்தினர். அடி அதேதான், எனவே போல்ட் அதேதான். முழு நீளம் ஏறத்தாழ அதேதான். எனவே மேகசினும் அதேதான். குழல் ஒன்றை மாற்றினால் போதும். குறுகிய குழலிலும் வெடிமருந்து நன்கு எரிந்து முடிவதும், 14 கிராம் குண்டை ஒலியின் வேகத்திற்கும் குறைவாகச் செலுத்தி ஓசையை அடக்க இயல்வதும் இதன் சிறப்புகள். மாற்ற வேண்டிய பகுதிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மதிப்பிட்டால் இதனினும் சிறந்த தேர்வு இல்லை.

ஆனால் அச்சிறப்பே அதன் பெருங்குறை. .300 தோட்டா 5.56 மேகசினில் நிரம்பும், 5.56 துப்பாக்கியில் மேகசின் பொருந்தும். குண்டின் வடிவைப் பொறுத்து, சில வேளைகளில் போல்ட்டும் மூடிக்கொள்ளும். அந்நிலையில் விசையை இழுத்தால், 7.82 மில்லிமீட்டர்க் குண்டு 5.7 மில்லிமீட்டர்க் குழலுக்குள் நுழைய வழியின்றி நிற்க, அழுத்தம் முழுவதும் பின்னோக்கித் திரும்பித் துப்பாக்கி கையிலேயே வெடிக்கின்றது. இவ்வாறு பல துப்பாக்கிகள் சிதறியுள்ளன. மேகசினில் வண்ணப் பட்டையிடுதல், இருவகைத் தோட்டாக்களையும் ஒரே மேசையில் வைக்காதிருத்தல் போன்ற வழக்கங்கள் பின்னர் ஏற்பட்டன. 7.62×51 தோட்டாவை 5.56 துப்பாக்கியில் ஏற்ற எவராலும் இயலாது. அங்கே உலோகமே காவல் நிற்கின்றது. தோட்டாக்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்போது அக்காவல் நீங்கி, களைத்த மனிதரின் கவனம் ஒன்றே எஞ்சுகின்றது. படைக்கலத் தேர்வில் இதனை ஒரு சிறு செய்தியாகக் கருதுவோர் இரவில் மழையில் மேகசின் நிரப்பியவர்களாய் இருக்க மாட்டார்கள்.

கிடங்கின் வாக்கு

தோட்டாத் தேர்வில் ஆய்வுக்கூடம் கூறியதைக் கிடங்கு மறுத்த நிகழ்ச்சிகள் வரலாற்றில் உள. அமெரிக்காவில் ஜான் காரண்ட் தம் தானேற்றித் துப்பாக்கியை .276 அங்குலத் தோட்டாவுக்காக வளர்த்தார். அது சிறியது, உதை குறைவு, துப்பாக்கியில் பத்துத் தோட்டாக்கள் நிரம்பின. சோதித்தவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். 1932இல் தரைப்படைத் தலைவராயிருந்த டக்ளஸ் மக்கார்தர் அதனை ஏற்கவில்லை. பழைய .30 அங்குலத் தோட்டாக்கள் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. இயந்திரத் துப்பாக்கிகளும் அதனையே பயன்படுத்தின. அது பொருளாதார மந்தக் காலம். காரண்டின் துப்பாக்கி பழைய தோட்டாவுக்கு மாற்றியமைக்கப்பட்டு 1936இல் ஏற்கப்பட்டது. பத்துக்குப் பதிலாக எட்டுத் தோட்டாக்கள் நிரம்பின. பிரிட்டன் 1951இல் .280 அங்குலத் தோட்டாவை ஏற்பதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியதும், கூட்டு நாடுகள் அனைத்திற்கும் ஒரே தோட்டா வேண்டும் என்பதனால்தான்.

இந்தியாவில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 7.62×51 தோட்டா படைகளின் பொதுத் தோட்டாவாகிவந்த காலத்தில், புதிய துப்பாக்கிகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. இஷாப்பூர்த் தொழிற்சாலை பழைய .303 துப்பாக்கியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதனைப் புதிய தோட்டாவுக்கென அமைத்தது. 2ஏ, 2ஏ1 என்பன அவற்றின் பெயர்கள். பார்வைக்குப் பழைய துப்பாக்கியே. ஆனால் புதிய தோட்டாவின் மிகுந்த அழுத்தத்தைத் தாங்க உயர்ந்த எஃகும், விளிம்பற்ற கூட்டுக்கேற்ற புதிய மேகசினும் தேவைப்பட்டன. பழைய .303 குழலைத் துளைத்து அகலப்படுத்தும் குறுக்கு வழியில் இறங்காமல், எஃகிலிருந்தே தொடங்கியது இஷாப்பூர்ப் பொறியாளர்களின் நல்லறிவு.

சட்டமும் சில வேளைகளில் காலிபரைத் தேர்ந்தெடுக்கும். பொதுமக்கள் படைக்காலிபர்களை வைத்திருக்கக் கூடாது என்ற தடையின் விளைவாகவே, .303 வடிவத் துப்பாக்கி .315 என்னும் 8 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு உரிமம் பெற்றவர்களுக்கு விற்கப்பட்டு வந்தது. அத்தோட்டா சிறந்தது என்பதனால் எவரும் அதனைத் தேர்வு செய்யவில்லை. தடைக்கு உட்படாதது என்பதே அதன் தகுதி.

5.56 காலிபரில் அமைந்த இன்சாஸ் துப்பாக்கி 1990களில் படைகளுக்கு வந்தது. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் கடுங்குளிரில் அதன் மேகசின்கள் வெடித்துப் பிளந்தன என்ற குறை எழுந்தது. எதிரியை வீழ்த்தும் வலிமை போதாது என்ற குறையும் எழுந்தது. இவ்விரண்டும் பொதுப்பேச்சில் ஒன்றாய்க் கலந்து, காலிபரே தவறு என்ற முடிவுக்குப் பலரை இட்டுச் சென்றன. பிளந்த மேகசின் பிளாஸ்டிக்கின் குற்றம். அதற்கும் குழலின் விட்டத்துக்கும் தொடர்பில்லை. வலிமை பற்றிய குறையே காலிபரைச் சார்ந்தது. அதுவும் எத்தொலைவில், எத்தகைய போரில் என்பதைப் பொறுத்தது.

புனேயிலுள்ள படைக்கல ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் இக்குறைகளுக்கு விடையாக, 5.56×45, 6.8×43, 7.62×39 ஆகிய மூன்றையும் பகுதி மாற்றிச் சுடவல்ல துப்பாக்கி ஒன்றை உருவாக்கி 2014இல் புது தில்லிக் கண்காட்சியில் காட்டியது. அம்மூன்றினிடையே 7.62×51 இல்லாமை நோக்கத்தக்கது. மேகசின் வாயின் நீளத்தைப் பற்றி மேலே கூறியது இங்கு நினைவுக்கு வரும். பின்னர்ப் படை நாடியதோ, விடுபட்ட அத்தோட்டாவையே. 2019இல் 72,400 சிக் 716 துப்பாக்கிகள் 7.62×51 காலிபரில் வாங்க ஒப்பந்தமாயிற்று. 2021 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகளை 7.62×39 காலிபரில் செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை வடிவமைத்த தாக்குதல் துப்பாக்கியும் 7.62×39 காலிபரினதே.

நீண்ட தொலைவுக்கு ஒன்று, நெருக்கப் போருக்கு ஒன்று எனத் துப்பாக்கிகளையே பிரித்து வழங்குவது, ஒரே துப்பாக்கியைப் பலவாக்குவதைவிடத் தெளிவான வழி என்றே தோன்றுகின்றது. எனினும் அதற்கும் விலை உண்டு. மூன்று வகைத் தோட்டாக்களும் ஒரே கணவாயின் வழியே, ஒரே கழுதை முதுகில் மேலே செல்ல வேண்டும். அமெரிக்கா 2022இல் தேர்ந்தெடுத்த 6.8×51 தோட்டா, எஃகு அடியும் பித்தளைச் சுவரும் கொண்ட கூட்டினால் ஏறத்தாழ 550 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்குகின்றது, 5.56 தோட்டாவின் அழுத்தமோ 430 அளவினது. வலிமையில் அது முந்திய அனைத்தையும் விஞ்சுவது. ஆனால் எடையும் உதையும் 5.56க்கு முந்திய காலத்துக்கே திரும்பியுள்ளன.

மாவட்டக் காவல்துறைக் கிடங்குகளிலும் தேசிய மாணவர் படைப் பயிற்சி நிலையங்களிலும் பல தலைமுறைத் துப்பாக்கிகள் அருகருகே இருப்பது வழக்கம். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 துப்பாக்கிக்கு விடை கொடுத்தது 2020இல்தான். பொறுப்பாளர்கள் தோட்டாவின் அடியிலும் பெட்டியின் மேலும் உள்ள குறியீட்டையும், துப்பாக்கியின் உடலிலோ குழலிலோ பொறிக்கப்பட்டுள்ள அளவையும் ஒவ்வொரு வழங்கலின்போதும் ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். 2ஏ1 துப்பாக்கியில் 7.62 என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். தோற்றத்தைக் கொண்டு அதனை.303 என எழுதிவிடுவது எளிது. பொறிப்பு தேய்ந்து படிக்க இயலாத துப்பாக்கியை, ஆயுதப் பணியாளர் குழலை அளந்து சான்றளிக்கும் வரையில் வழங்காது தனியே வைத்தல் வேண்டும்.